ஒரே ஆற்றுக்கு இரண்டு பாலம்

கண்ணாடிக்கார அக்காவை இதை எழுதுகிறவன் முதன்முதலில் பார்த்தது அவளுடைய கடையின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியே தீருவேன் என்று மூன்று வருஷம் புத்தகத்துக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கிடந்தவன் அவன். பட்டமும் வந்தது, கூடவே தலைவலியும் வந்தது. அக்கா அவன் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது நல்லா தெரியுதா, இல்ல இதுவா?" என்று ஏழெட்டுத் தடவை கேட்டாள். கடைசியில் கையில் ஓர் அட்டையைத் திணித்து, "கிட்டத்துல எப்படின்னு பார்க்கணும். சத்தமா படிங்க" என்றாள்.

அவன் படித்தான். "இரண்டு நாடுகளை இணைக்கும் இந்த அதிவேக ரயில் பாதையின் நீளம் 376 கிலோமீட்டர். இதை உங்கள் ரயில் விளையாட்டில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்..."

"தெளிவா இருக்கா?"

"எழுத்து நல்லா தெரியுதுங்க."

"எழுத்து தெரியும், அதுக்குத்தானே வில்லை போட்டேன். விஷயம் தெளிவா இருக்கான்னு கேட்டேன்."

விஷயமும் தெளிவாகத்தான் இருந்தது. "அப்போ இந்தப் பாதைக்கு ஒரு ஓட்டுப் போட்டுட்டு இறங்குங்க" என்று அக்கா போனை நீட்டினாள். அவனுடைய ஓட்டு நானூற்றுப் பன்னிரண்டாவது. கண்ணாடி வாங்க வந்தவர்கள், கண்ணாடிக்குத் திருகு மாட்ட வந்தவர்கள், வழி கேட்க உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் என்று ஒருவரையும் அக்கா விட்டுவைக்கவில்லை. பக்கத்துச் சலவைக்கடைக்காரர் மட்டும் பிடிகொடுக்காமல் இரண்டு வாரம் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தார். ஒருநாள் மழைக்கு அக்கா கடைக்குள் ஒதுங்கினார். தீர்ந்தது கதை. நானூற்று ஐம்பதாவது ஓட்டு அவருடையது.

ரயில் கிறுக்கு அக்காவுக்குச் சின்ன வயதில் இருந்து வந்ததில்லை. ஐம்பது வயதுவரை ரயில் என்றால் அவளுக்கு ஜன்னலோர இடம், அவ்வளவுதான். ஒரே மகளை எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தாள். மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அவள் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மிச்சமிருந்தது. அதில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. மதியம் ஒன்றரைக்குக் கடையை மூடினால் மூன்றரை வரை வேலையில்லை. சாப்பிட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்த ஒரு மதியம் அக்கா அதைத் திறந்தாள். முதல் நாள் பிளாட்பாரத்தைத் தாண்டி நானூறு மீட்டர் போய் நின்றாள். ஒரு மாதத்தில் கோடு தப்பாமல் நிறுத்தினாள். ஆறு மாதத்தில் பனிமலை, கடலோரம், சுரங்கம் எல்லாம் அத்துபடி.

அவள் வீட்டுக்காரர் குழாய் வேலை பார்க்கிறவர். மனைவி விசைப்பலகையில் பிரேக் போடுவதைப் பார்க்கச் சகிக்காமல், பழைய வால்வுக் கைப்பிடி ஒன்றை மரப்பலகையில் முடுக்கி, எப்படியோ ஒயரை இழுத்து, ஒரு நிஜப் பிரேக்கே செய்து கொடுத்தார். "இந்தா டிரைவரம்மா, ரொம்ப இறுக்காத, கழண்டுடும்" என்றார்.

ஒரே ஒரு குறைதான். "உலகத்துல இருக்கற ரயிலெல்லாம் ஓட்டறேன். என் பொண்ணு வீட்டுக்குப் போற ரயிலை மட்டும் ஓட்ட முடியல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதை விளையாட்டில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. எல்லை தாண்டிப் போகும் பாதை ஒன்றே ஒன்றை இந்த வருஷம் சேர்க்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு பல வருஷத்துக்குக் கிடையாது. யார் வேண்டுமானாலும் பாதையைச் சிபாரிசு செய்யலாம். ஐந்நூறு ஓட்டு வேண்டும். வளைவு, ஏற்றம், பாலம், சிக்னல் என்று பாதை முழுக்கக் கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கோப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு நாட்டிலிருந்தும் தலா ஒருவர் தங்கள் பக்கத்து அளவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓட்டு பெரிய காரியமில்லை. கோப்பில் இந்தப் பக்கத்தையும் அக்கா பார்த்துக்கொள்வாள். அந்தக் கையெழுத்தில்தான் வண்டி நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் மகளும் மாப்பிள்ளையும் வேலை வேலை என்று ஓடுகிறவர்கள். அவர்களை விட்டால் அக்காவுக்குத் தெரிந்தது ஒரே ஆள். மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மாவோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த புதிதில் அவர் ஒருமுறை சொந்தக்காரர்கள் எட்டுப் பேரோடு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். வந்த அன்று அக்கா ஏதோ ஒரு மலைப்பாதையில் ரயிலை இறக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா அறை வாசலில் நின்று, புருவத்தைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, ஒரு முறை முறைத்தார். பிறகு எட்டுப் பேருக்கும் கேட்கும்படி, "இந்த வயசுல பொம்மை ரயிலா?" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சம்பந்தியம்மா அரசாங்கத்தில் நில அளவையர். அதை மனதில் வைத்து, "நீங்க சங்கிலியைப் புடிச்சுக்கிட்டு வயல் வயலா ஓடறீங்களே, நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள். எட்டுப் பேரும் டீயைப் பாதியில் வைத்தார்கள். அன்றிலிருந்து எல்லாம் "அவங்ககிட்ட சொல்லிடு" கணக்குதான். பிறந்தநாள் வாழ்த்துகூட மகள் வழியாகப் போய் மகள் வழியாக வந்தது.

இப்போது அதே பொம்மை ரயிலுக்காக அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். கேட்காமல் விட்டால் பாதை போச்சு. கேட்டு, பாதையும் கிடைக்காமல் போனால், "நான் அப்பவே சொன்னேன்" என்ற பேச்சை ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அக்கா மூன்று நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நான்காம் நாள் வீட்டுக்காரர், "அந்த போன் தேய்ஞ்சே போயிடும், பேசித் தொலையேன்" என்றார். பேசினாள்.

"சம்பந்தியம்மா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். பொண்ணு வேலைக்குப் போயிருக்கா. வந்தா சொல்றேன்."

"உங்ககிட்டதான் பேசணும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அந்தப் பொம்மை ரயிலுக்கா?"

"ஆமா. அந்தப் பொம்மை ரயிலுக்குத்தான்."

"எங்க பக்கம் நூத்தி அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் வரும். அளவு எந்தத் துல்லியத்துக்கு வேணும்?"

இறங்கி வருகிறாரே என்ற சந்தோஷத்தில் அக்கா, "உங்களுக்குச் சிரமம் வேண்டாம், சுமாரா இருந்தா போதும்" என்றாள்.

"சுமாரா?" சம்பந்தியம்மாவின் குரல் ஒரு படி ஏறியது. "முப்பத்து மூணு வருஷமா அளக்கறேன். சுமாருங்கற வார்த்தை என் வீட்டுக்குள்ள வந்ததில்ல. ஒரு மாசம் குடுங்க." போன் வைக்கப்பட்டது.

சரியாக முப்பதாம் நாள் எண்பத்தெட்டுப் பக்கம் வந்தது. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு கம்பமும், ஒரு ஸ்டேஷனில் பிளாட்பார நிழற்கூரை எங்கே முடிகிறது என்பதுகூட இருந்தது. அக்கா மூன்று மதியம் ரயிலே ஓட்டாமல் அதைப் படித்தாள். "வாய் இருக்கே, அது வேற விஷயம். ஆனா வேலை சுத்தம்ங்க" என்று வீட்டுக்காரரிடம் மட்டும் ஒப்புக்கொண்டாள்.

தன் பக்கத்தையும் அதையும் சேர்த்து ஒட்டி, ஐந்நூற்றுப் பதினேழு ஓட்டோடு அனுப்பினாள். மூன்று பாதைகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. அதில் ஒன்று அவர்களுடையது. தெருவுக்கே இனிப்பு கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"உங்கள் கோப்பின்படி எல்லை ஆற்றின் மேல் 840 மீட்டர் நீளப் பாலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டியதும் அதே நீளத்தில் இன்னொரு பாலம் வருகிறது. அங்கே இரண்டு ஆறுகள் ஓடுகின்றனவா? ஐந்து நாளுக்குள் விளக்கம் தேவை. இல்லையேல் உங்கள் பாதையைப் பரிசீலிக்க இயலாது."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் கண்ணெதிரே கிடந்தது. அவள் தன் ஊரிலிருந்து அளந்துகொண்டு போய் ஆற்றின் அக்கரையில் நிறுத்தியிருந்தாள். சம்பந்தியம்மா தன் ஊரிலிருந்து அளந்துகொண்டு வந்து ஆற்றின் இக்கரையில் நிறுத்தியிருந்தார். இந்த நாட்டு வரைபடத்தில் பாலம் முழுசாக இந்த நாட்டுக்கு. அந்த நாட்டு வரைபடத்தில் முழுசாக அந்த நாட்டுக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இருவர் கணக்கும் ஒரு மயிரிழை பிசகவில்லை. சேர்த்து ஒட்டினால் ஒரே ஆற்றுக்கு இரண்டு பாலம்.

இதில் இன்னொரு சிக்கல். இரண்டு நாட்டிலும் ரயிலுக்கு வரும் கரண்டு வேறு வேறு. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில், பாலத்தின் மேல், கம்பியில் கரண்டே இல்லாத துண்டு ஒன்று உண்டு. டிரைவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, வந்த வேகத்திலேயே அதைத் தாண்ட வேண்டும். அக்காவின் கோப்பில் அந்தத் துண்டும் இரண்டாகி, ரயில் தேவையில்லாமல் இன்னொரு தடவை மூச்சை அடக்கியது.

அன்று சாயங்காலம் மகள் போனில் அகப்பட்டாள்.

"அவங்க பக்கத்துல பாலத்தை வெட்டச் சொல்லு" என்றாள் அக்கா.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "உங்க பக்கத்துல வெட்டச் சொல்றாங்கம்மா."

"எங்க மேப்புல பாலம் எங்களோடதுன்னு சொல்லு."

"அவங்க மேப்புலயும் அப்படித்தானாம். முப்பத்து மூணு வருஷ அனுபவமாம்."

"நான்கூட இருபத்தாறு வருஷமா கடை நடத்தறேன்னு சொல்லு."

மகளுக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. "ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஒண்ணா உக்காந்து பாலத்தையே கட்டிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் காகிதத்துல அதைப் பங்கு போட முடியாம நிக்கறீங்க. நான் என்ன உங்களுக்குத் தபால்காரியா? இனிமே நேர்ல பேசிக்கோங்க."

குழாய்க்காரர் தன் பங்குக்கு, "பாதிப் பாதியா வெட்டி ஒட்டிடேன்" என்றார்.

"குழாய்னா எங்க வேணாலும் வெட்டலாம். இது எல்லை. அது எங்க இருக்கோ அங்கதான் வெட்டணும்."

"அது எங்க இருக்கு?"

அக்காவுக்குத் தெரியவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடி சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டாள். அவர் ஒரே வரியில் முடித்தார். "சனிக்கிழமை காலையில பாலத்துக்கு வாங்க. அளந்துடலாம்."

ரயில் பாலத்தை ஒட்டியே பழைய சாலைப் பாலம் ஒன்று இருக்கிறது. இரு முனையிலும் சாவடி. அடையாள அட்டையைக் காட்டினால் நடந்து போகலாம். அக்கா வீட்டுக்காரரோடு இந்த முனையில் ஏறினாள். அந்த முனையிலிருந்து சம்பந்தியம்மா தொப்பியும் கேன்வாஸ் செருப்புமாக, நீளக் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். அது மீட்டருக்கு ஒரு முறை 'டக்' என்றது. சாலையில் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருந்தது. அதுதான் எல்லை. அவர் கோட்டில் வந்து சக்கரத்தை நிறுத்தினார்.

"எங்க கரையிலேருந்து முந்நூத்திப் பத்து. அப்போ உங்களுக்கு ஐந்நூத்தி முப்பது."

"நடுவுல இல்லையா?"

"ஆறு எங்க ஆழமோ அங்கதான் எல்லை. பாலத்துக்கு நடுவுல ஆழமா இருக்கணும்னு ஆத்துக்கு என்ன தலையெழுத்தா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்னும் சமாதானம் ஆகவில்லையே.

அடுத்தது கரண்டு இல்லாத துண்டு. அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ரயில் பாலத்தின் கம்பங்களில் பலகை மாட்டியிருப்பார்கள். சம்பந்தியம்மா கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று பார்த்தார். "துருப் புடிச்சுப் போயிருக்கு. என்ன எழுதியிருக்குன்னே தெரியல" என்றார்.

அக்கா பார்த்தாள். பலகை நேற்று மாட்டியதுபோலப் பளிச்சென்று இருந்தது. திரும்பி சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். புருவம் சுருங்கியிருந்தது. கழுத்து நீண்டிருந்தது. அன்றைக்கு அறை வாசலில் பார்த்த அதே முகம். இரண்டு வருஷமாக நினைத்து நினைத்துக் கொதித்த அதே முறைப்பு. அது முறைப்பே இல்லை, தூரத்தில் இருப்பது தெரியாத கண். மைனஸ் ஒன்றே முக்கால். கூடவும் இருக்கலாம், குறையாது.

ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறவள், சொந்தச் சம்பந்தியின் கண்ணை விட்டுவிட்டாள்.

"சம்பந்தியம்மா, கடைசியா எப்போ கண்ணைக் காட்டினீங்க?"

"எனக்கென்ன கண்ணுக்கு? கருவி வழியா பார்த்தா அரை மைல்ல நிக்கறவன் சட்டைப் பொத்தானை எண்ணுவேன்."

"கருவியில குமிழைத் திருகிச் சரி பண்ணிக்கறீங்க. பலகைக்குக் குமிழ் இல்லையே?"

சம்பந்தியம்மா மறுபடி பலகைப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

"அன்னைக்கு எங்க வீட்டுல கம்ப்யூட்டரைப் பார்த்தீங்களே, என்னதான் தெரிஞ்சது?"

"உண்மையைச் சொல்லட்டுமா?" சம்பந்தியம்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "பச்சையா ஒரு பட்டை. அதுல செவப்பா ஒரு டப்பா ஊர்ந்துச்சு. சின்னப் பசங்க வெளையாடறதுன்னு நெனச்சுட்டேன்."

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சம்பந்தியம்மா முதலில் விறைப்பாக நின்றார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. பின்னால் வந்த குழாய்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அளவு தப்பாயிடுச்சா?" என்று பயந்து கேட்டார்.

தூரத்தில் தண்டவாளம் முனக ஆரம்பித்தது. "ரயில் வருது!" என்றாள் அக்கா. சம்பந்தியம்மா கடிகாரத்தைக் கையில் எடுத்தார். "பலகையை நீங்க பாருங்க. நேரத்தை நான் பார்க்கறேன். ரயிலோட மூக்கு ஒவ்வொரு பலகையையும் தாண்டினதும் கத்துங்க."

"இப்போ!" என்றாள் அக்கா. பாலம் அதிர்ந்தது. சேலைத் தலைப்பு முகத்தில் வந்து அறைந்தது. அதையும் ஒதுக்காமல், "இப்போ!" என்றாள்.

"ஆறு விநாடி. இந்தப் பாலத்துல இருநூத்தி முப்பது வேகம். அப்போ..." சம்பந்தியம்மா உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டார். "முந்நூத்தி எண்பத்துச் சொச்சம்." பிறகு, அக்கா இரண்டு பலகைக்கும் நேராகப் போய் நின்று காட்ட, நடுவில் சக்கரத்தை உருட்டினார். முந்நூற்று எண்பத்து நான்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சையில் விடை சரியாக வந்த பிள்ளைகள் மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

அன்று சாயங்காலமே பதில் போய்விட்டது. ஆறு ஒன்று, பாலம் ஒன்று, எல்லைக்கோடு இந்தக் கரையிலிருந்து 530 மீட்டரில். கீழே இரண்டு கையெழுத்து. சம்பந்தியம்மாவைப் போக விட்டால்தானே? அக்கா அவரைக் கையோடு கடைக்குக் கூட்டிவந்து சுழல் நாற்காலியில் உட்கார்த்திவிட்டாள். சோதித்ததில் மைனஸ் இரண்டே கால் இருந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அக்கா ஒரு வாடிக்கையாளர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு போனை எடுத்துப் பார்த்தாள். "உங்கள் பாதை தேர்வு செய்யப்பட்டது" என்ற முதல் வரிக்கே ஒரு கூச்சல் போட்டாள். பாவம், அந்த மனிதர் ஒரு கண்ணை மறைத்திருந்த நிலையில் எழுந்து நின்றுவிட்டார். எல்லையைக் காலால் நடந்து அளந்து பதில் சொன்ன ஒரே கோப்பு உங்களுடையது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. முழுப் பாதையையும் செய்ய இயலாது. பாலத்தின் இரு புறமுமாகச் சேர்த்து 118 கிலோமீட்டர் மட்டும்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த 118-இல் அவளுடைய ஊரும் இல்லை, மகளுடைய ஊரும் இல்லை. வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டாள்.

"கெடைச்சுது. ஆனா நடுத்துண்டு மட்டும்தான். நம்ம ரெண்டு ஊரும் வராது."

"நான் அப்பவே சொன்னேன்" வரப்போகிறது என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாலம் வருதா?"

"வருது."

"எத்தனை?"

"ஒண்ணுதான் சம்பந்தியம்மா."

"அப்போ சரி. நம்ம அளந்தது அதைத்தானே. மீதி எங்க போயிடும், கேட்டு வாங்கிக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா. அந்த எட்டுப் பேருக்கும் அவரே போன் போட்டுச் சேதி சொன்னார் என்று மகள் பிறகு சொன்னாள்.

போன வருஷம் அந்தப் பாதை விளையாட்டில் வந்துவிட்டது. அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. கடை அதே தெருவில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அவள் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டரையும் அரை மணி நேரத்தில் ஓட்டி முடிக்கிறாள். மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை நிஜ ரயிலில் போகிறாள். சம்பந்தியம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவரும் அவ்வப்போது வந்து நாலைந்து நாள் தங்குகிறார். மீதி 258 கிலோமீட்டரையும் சேர்க்கச் சொல்லி இருவரும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கம்பெனியிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.